ஆடியில் வற்றிய வயிறு

கல்யாணத்துக்கு முன்னால் நான் பரோட்டா தின்றதில்லை. திருவாதவூரில் எங்களுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. மூன்று வேளையும் சோறுதான். காலையில் பழையது, மதியம் சுடுசோறு, ராத்திரி மிச்சம் மீதி. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த மாதங்களில் ரேஷன் கடையில் கோதுமை போடுவார்கள். அதை வாங்கி வந்து என் ஆத்தா மாட்டுக்கு ஊறவைத்தாள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து, எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம், சிம்மக்கல்லில் பரோட்டாக் கடை நடத்திய வீட்டுக்கு மருமகளாகப் போனேன்.

கடை தெருவைப் பார்த்து இருக்கும். வீடு அதன் முதுகுப்பக்கம். நடுவில் ஒரே ஒரு கதவு. மதியம் சாய்ந்ததும் மாஸ்டர் மாவு பிசைய ஆரம்பிப்பார். பிசைவது என்று சொல்வதெல்லாம் மரியாதைக்கு. அது அடி. மைதாவைத் தூக்கிப் பலகையில் அறைந்து, முஷ்டியால் குத்தி, மடக்கி, மறுபடி அறைவார். சுவரில் மாட்டியிருந்த சாமி படம் ஆடும். “அடிக்க அடிக்கத்தான் மாவு சொன்னபடி கேக்கும்” என்பார். என் புருஷனுக்கு அந்த வாசகம் ரொம்பப் பிடித்துப்போனது. பொண்டாட்டிக்கும் அதே சட்டம்தான் என்று கடைக்கு வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அந்தக் காலத்தில் அவனை ‘அவர்’ என்றுதான் சொன்னேன். இப்போது எழுத உட்கார்ந்தால் கை ‘அவன்’ என்றே போகிறது. போகட்டும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். உலை வைக்க மாட்டார்கள். “கடைக்காரன் வீட்டுல தனியா உலை கொதிச்சா, தன் பண்டத்தத் தானே நம்பலேன்னு அர்த்தம். அப்புறம் ஊரான் எப்படி நம்பித் திம்பான்?” என்பார் என் மாமியார். அதனால் முதல் நாள் மிஞ்சிய பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறப் போட்டால் காலைச் சாப்பாடு. மதியமும் அதுதான். ராத்திரி மட்டும் புதுசு. அரிசிச் சோறு வேண்டுமென்றால் ஏதாவது விசேஷம் வரவேண்டும், அல்லது யாராவது சாகவேண்டும்.

முதல் ஒரு வாரம் ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு என் வயிறு என்னோடு சண்டைக்கு வந்தது. தின்று இரண்டு மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றி யாரோ முறுக்கிப் பிழிவார்கள். விலாவுக்குக் கீழே கத்தி செருகியதுபோல ஒரு குத்து. மூச்சை இழுத்தால் இன்னும் குத்தும். ஒரு நாள் போனால் நாலு தடவை போகும், அப்புறம் மூன்று நாள் கல்லாக நிற்கும். தலை ஒரே மப்பு. அம்மியில் கை வைத்தபடியே எதை அரைக்க வந்தோம் என்று மறந்துபோய் நின்றிருக்கிறேன். அதற்கும் திட்டு விழும். எல்லாவற்றுக்கும் மேலே வீக்கம். காலையில் தட்டையாக இருக்கும் வயிறு பொழுது சாயும்போது பாவாடை நாடாவை அறுக்கும். கொஞ்ச நாளில் காலையிலும் வற்றுவதை நிறுத்திக்கொண்டது.

நான் ஆளான நாளிலிருந்தே எனக்குத் தூரம் ஒழுங்காக வந்ததில்லை. பங்குனியில் தள்ளிப்போனது. சித்திரையிலும் வரவில்லை. வயிறு முன்னால் வந்திருந்தது. வாந்தி இருந்தது. மாமியார் ஒரு நாள் கொல்லையில் என்னை நிறுத்தி, பக்கவாட்டில் பார்த்து, உள்ளங்கையால் வயிற்றைத் தடவினார். “தங்கிருச்சு” என்றார். அந்த ஒரு சொல்லோடு விஷயம் முடிவாகிவிட்டது.

டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். “அஞ்சு மாசம் முடியாம ஆஸ்பத்திரிப் படி ஏறுறது எங்க வழக்கத்துல கெடையாது. கண்ணு பட்டுரும்” என்று வாயை அடைத்தார். வலிக்கிறது என்றால் மசக்கை. சுருண்டு படுத்தால் மசக்கை. கொல்லைக்கு ஓடினால் அதுவும் மசக்கை. இரண்டு உயிருக்குத் தின்ன வேண்டும் என்று பரோட்டாவைக் கூட வைத்தார்கள். நானும் நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்? வயிறு கண்ணுக்குத் தெரிகிறது, பெரியவர்கள் சொல்கிறார்கள், உள்ளே ஏதோ புரளவும் செய்கிறது. புரண்டது காற்று. நான் அதற்குத் தாலாட்டுப் பாடினேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பாடினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எதையாவது எடுத்து உடைக்க வேண்டும்போல் இருக்கிறது.

ஆடி வந்தது. புதுப்பெண்ணைத் தலை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போவது எங்கள் பக்கம் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். வயிற்றில் பிள்ளை என்றாலும் முறையை விடக் கூடாது என்று என் அண்ணன் சீரோடு வந்து அழைத்துப் போனான். வழியனுப்பும்போது மாமியார் என் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் தொட்டில் கட்டுகிறேன் என்று நேர்ந்திருந்தார். “பத்திரம்டி. என் குலத்த ஒங்கிட்டக் குடுத்து அனுப்புறேன்” என்றார்.

ஆத்தா வீட்டில் சோறும் கஞ்சியும் கீரையும். நாலைந்து நாளிலேயே உள்ளே கட்டியிருந்ததெல்லாம் காற்றாகப் போக ஆரம்பித்தது. வெட்கப்பட்டு என்ன, உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். நான் விட்ட சத்தத்தில் அண்ணன் திண்டாடி வெளியே போய்ப் படுத்தான். வலி விட்டது. தலை தெளிந்தது. வயிறும் இறங்கியது. ஆத்தாவிடம் ஓடினேன். பிள்ளை கரைகிறது என்று நினைத்தேன். ஆத்தா என்னைப் பஸ்ஸில் ஏற்றி மேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள். அவர் கைவைத்து நன்றாகப் பார்த்தார். “கர்ப்பப்பை சாதாரணமா இருக்கும்மா. நீ முழுகாம இருந்ததே இல்ல” என்றார். ஆத்தா அங்கேயே வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. யாரோ என் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள், அப்படி இருந்தது.

சீக்காளிக்கு ரொட்டி கொடுப்பதுதான் நம் ஊர் வைத்தியம். காய்ச்சலா, ரொட்டி. பேதியா, ரொட்டி. அழுதுகொண்டே வந்த ஆத்தா மேலூர் பஸ் ஸ்டாண்டில் பன்னும் ரொட்டியும் ரஸ்க்கும் வாங்கினாள். இரண்டு நாள் பாலில் நனைத்து அதையே ஊட்டினாள். மறுபடி குத்து, மறுபடி முறுக்கு, மறுபடி வீக்கம். தீர்ந்ததும் கஞ்சி. வயிறு இறங்கியது. அப்போதுதான் என் மண்டையில் ஒரு சின்ன வெளிச்சம் விழுந்தது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. பன்னைப் பார்த்துச் சந்தேகப்படுகிறவளை ஊரில் என்ன சொல்வார்கள்?

ஆவணி பிறந்ததும் அண்ணன் என்னைக் கொண்டுவந்து விட்டான். பஸ் பிடிக்க வேண்டும் என்று வாசலோடு திரும்பிவிட்டான். கதவைத் தாண்டி உள்ளே போனேன். மாமியாரின் கை நேராக என் வயிற்றுக்குத்தான் வந்தது. வந்த கை அப்படியே நின்றது.

“எங்கடி?”

நான் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன்.

“எவ அவ? நான் பெத்தவ. எனக்குத் தெரியாத வகுறா? இந்தக் கையால தொட்டுப் பாத்தேன்டி. எங்கடி எம் பேரப்புள்ள? என்ன குடிச்ச? எருக்கம்பாலா, எள்ளா? எதக் குடிச்சுக் கலைச்ச?”

என் புருஷன் நடுக்கதவில் நின்றிருந்தான். கையில் பரோட்டாவைக் கல்லில் திருப்புகிற தோசைக்கரண்டி. “எவன் புள்ளயோ. அதான் ஆத்தா வீட்டுக்குப் போயி அழிச்சிட்டு வந்துருக்கா” என்றான். முதல் அடி தோளில் விழுந்தது. கரண்டி சூடாக இருந்ததால் தோல் அதோடு கொஞ்சம் போனது. அப்புறம் முடியைப் பிடித்து அம்மிக்கல்லில் சாய்த்து முதுகில். கதவுக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் மாவை அறைந்துகொண்டிருந்தார். எது மாவு, எது நான் என்று சாப்பிட வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. நான் கத்தினேன். பிள்ளையே இல்லை, பிள்ளையே இல்லை என்று அதையேதான் கத்தினேன். இல்லாத ஒன்றைக் கொன்றதற்கு அடி வாங்குவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சேதி திருவாதவூருக்கு ஒரே நாளில் போய்விட்டது. அடுத்த நாள் அண்ணன் வந்தான். அருவாளைத் துண்டில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்திருந்தான். நான் கதவிடுக்கில் பார்த்தேன்.

“மாப்ள, எந்தங்கச்சி மேல கை வச்சீராமே?”

“கேக்க வந்துட்டாரு யோக்கியரு! ஒந்தங்கச்சி எங்க வீட்டுப் பிள்ளயக் கொன்னுட்டு வந்துருக்கா மச்சான். அவளக் கேளு மொதல்ல.”

அண்ணன் அருவாளை ஓங்கினான். அவன் குனிந்துகொண்டான். வெட்டு சாப்பாட்டு மேசையில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. அதை உருவ அண்ணன் இழுத்த நேரத்தில், அவன் அண்ணனின் மற்றக் கையைப் பிடித்து எரிகிற கல்லில் வைத்து அழுத்தினான். ‘சொய்ங்’ என்ற சத்தம் வந்தது. பரோட்டா போட்டால் வருகிற அதே சத்தம். அண்ணன் கத்திய கத்தலில் தின்றுகொண்டிருந்தவர்கள் இலையோடு தெருவுக்கு ஓடினார்கள். மாஸ்டர்தான் நடுவில் விழுந்து பிரித்தார். அவருக்கும் சால்னா கொட்டி முழங்கால் வெந்தது. நான் கதவைத் திறந்துகொண்டு போய் அண்ணனைப் பிடித்தேன். உள்ளங்கைத் தோல் கல்லிலேயே ஒட்டியிருந்தது. அன்றைக்கே அவனோடு ஊருக்குப் போனேன்.

அடியெல்லாம் ஆறிவிட்டது. ஆறாதது அதற்கப்புறம் நடந்ததுதான். கைக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணன், ஆத்தா அப்பால் போகக் காத்திருந்து, தணிந்த குரலில் கேட்டான்.

“எங்கிட்டயாச்சும் நெசத்தச் சொல்லு தாயி. கலைச்சியா?”

எனக்காகக் கையைச் சுட்டுக்கொண்டவன். அவனே கேட்டுவிட்டான். நான் சொம்பைத் தூக்கி எறிந்தேன். அவன் மேல்தான் எறிந்தேன். பட்டது.

இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பன் சன்னதியில் நான் சத்தியம் செய்ய வேண்டும். அந்தப் படியில் பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்பது எங்கள் பக்கத்தில் நீதிமன்றத்துக்கும் மேலான சட்டம். சத்தியம் செய்தால் நான் தப்பித்துவிடுவேன், தெரியும். ஆனால் என்னவென்று செய்வது? ‘நான் கலைக்கவில்லை’ என்றுதானே? அப்படிச் சொன்னால் பிள்ளை இருந்தது என்று நானே ஒப்புக்கொண்டதாகும். அப்புறம் அது எங்கே போனது என்ற கேள்வி என் பின்னாலேயே வரும். எனக்குக் குற்றத்திலிருந்து விடுதலை மட்டும் போதாது. அந்தப் பிள்ளை இருந்ததே இல்லை என்று, என் வயிற்றைத் தொட்டு ‘தங்கிருச்சு’ என்று சொன்ன அதே வாய் சொல்லி நான் கேட்க வேண்டியிருந்தது.

பன் ஞாபகம் வந்தது. மேலூருக்குப் போனவர்களிடம் சொல்லி வாங்கி வரச் செய்தேன். தின்றேன். குத்தியது, வீங்கியது. கஞ்சிக்கு மாறினேன், வற்றியது. மறுபடி தின்றேன். மறுபடி அதே கூத்து. என் வயிற்றை நானே அடித்து அடித்துச் சாட்சி சொல்ல வைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது எனக்குத் தலை நரைத்த பிறகுதான் தெரிந்தது. மைதா மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தால் மாவெல்லாம் கரைந்துபோய் ரப்பர் மாதிரி ஒரு பிசின் கையில் நிற்கும். அதுதான் குளூட்டன். பரோட்டாவை விசிற வைப்பது அது. அடிக்க அடிக்க முறுக்கேறுவதும் அதுதான். சிலருக்கு அந்தப் பொருள் உள்ளே போனால் உடம்பு தன் குடலையே எதிரி என்று நினைத்துத் தாக்கும். குடலின் உள்சுவர் மொட்டையாகிப் போகும். அதைச் சீலியாக் என்கிறார்கள். ரத்தத்தில் தெரியும், குடலிலிருந்து கிள்ளி எடுத்துப் பார்த்தாலும் தெரியும். எனக்கும் இரண்டும் பார்த்தார்கள். பார்ப்பதற்காகக் கொஞ்ச காலம் கோதுமை தின்னச் சொன்னார்கள், அந்த நரகத்தையும் அனுபவித்தேன். முடிவில், “ஒங்க குடல்ல ஒரு குறையும் இல்ல” என்றார் டாக்டர், நல்ல சேதி சொல்கிற முகத்தோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறை இல்லை என்றால் என்னை இத்தனை காலம் அடித்தது யார்?

நல்ல மனிதர், கோபப்படவில்லை. சீலியாக் இல்லாமலேயே கோதுமை ஒத்துக்கொள்ளாத ஆட்கள் உண்டு என்று விளக்கினார். குடலில் காயம் இருக்காது, ஆனால் உப்புசம், குத்து, பேதி, மலச்சிக்கல், மண்டை மப்பு, அசதி எல்லாம் இருக்கும். குளூட்டன்தான் காரணமா, அல்லது கோதுமையில் உள்ள ஒருவகைச் சர்க்கரை செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துக் காற்றாகிறதா என்று அவர்களுக்குள்ளேயே இன்னும் வழக்கு தீரவில்லையாம். இதற்கென்று ஒரு பரிசோதனையும் கிடையாது. விட்டுப் பார்க்க வேண்டும், தின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வழி. பெரும்பாலானவர்களுக்கு அதே மாவு ஒன்றும் செய்யாது. அதுதான் இதில் உள்ள கொடுமை. பக்கத்து இலைக்காரன் ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்து போவான், நீங்கள் சுருண்டு கிடப்பீர்கள். நடிக்கிறாள் என்பார்கள்.

சத்தியத்துக்கு நாள் குறிக்கப் பெரியவர்கள் கடையில் கூடியபோது நானும் அண்ணனோடு போனேன். பெண் பேசக் கூடாத இடம். பேசினேன்.

“சத்தியம் அப்புறம் பண்ணுறேன். மொதல்ல எனக்குப் பரோட்டா போடுங்க. நான் இங்க இருந்து திங்கிறேன். அத்தை என்கூடவே இருக்கட்டும், கண்ணு மூடாமப் பாக்கட்டும். எம் வகுறு என்ன சொல்லுதோ அதக் கேட்டுட்டு எங்க வேணாலும் வாரேன்.”

கிறுக்கு என்றார்கள். மாமியார் மட்டும் எழுந்து என் கையைப் பிடித்துக் கதவுக்குள் கூட்டிப் போனார். அப்புறம் பூக்கட்ட வைத்திருந்த வாழைநாரை எடுத்து நனைத்து, என் சேலையை விலக்கி, தொப்புளுக்கு மேலாகச் சுற்றித் தன் கையாலேயே முடிச்சுப் போட்டார். ஒரு விரல் போகிற இடம்தான் விட்டார். “இது என் முடிச்சு. அவுத்தா எனக்குத் தெரியும்” என்றார்.

நான் தின்றேன். காலையில் ஊறிய பரோட்டா, மதியம் பரோட்டா, ராத்திரி பரோட்டா. மாமியார் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்தார். கொல்லைக்குப் போனாலும் கூடவே வந்தார். முதல் நாள் பொழுது சாயும்போதே நார் இறுகியது. பழைய வலி பழைய கோபத்தோடு வந்து சேர்ந்தது. குடலை யாரோ கயிறு திரிப்பதுபோலத் திரித்தார்கள். தரையைப் பிராண்டினேன். நகம் பெயர்ந்தது. “போதும்டி” என்று மாமியார் ஒரு தடவை சொன்னார். இன்னொன்று வையுங்கள் என்றேன். அவர்கள் வீட்டுப் பண்டத்தை அவர்கள் கண் முன்னால் தின்று செத்தாலும் சரி என்ற வெறி எனக்கு. மறுநாள் மதியம் நார் சதைக்குள் இறங்கி, இடுப்பைச் சுற்றி ரத்தக்கோடு விழுந்திருந்தது. வயிறு ஐந்து மாத வயிறாக நின்றது. ஆடியில் அவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அதே வயிறு.

மாமியார் கை வைத்தார். விரலால் தட்டினார். மத்தளம் மாதிரி சத்தம் வந்தது. மறுபடி தட்டினார். அருவாமனையில் நாரை அறுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“காத்து” என்றார். “காத்துக்கா நான் தொட்டில் நேந்தேன்?”

என்மேல் அவருக்குக் கொஞ்சமும் பிரியம் இருந்ததில்லை. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. இல்லாத பிள்ளைக்கு அந்த வீட்டில் என்னைத் தவிர அழுத ஒரே ஆள் அவர்தான்.

அவன் எட்டிப் பார்த்தான். என் வயிற்றையும் அறுந்த நாரையும் பார்த்தவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவன் முட்டாள் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னான்.

“இது இந்த நாலு சொவத்துக்குள்ளயே இருக்கட்டும். பரோட்டா தின்னு வகுறு வீங்கிருச்சுன்னு வெளிய போச்சு, அம்புட்டுத்தான், ஒரு பய உள்ள வர மாட்டான். நான் பெரியவங்ககிட்டப் பேசிக்கிறேன். தானாக் கலைஞ்சுருச்சுன்னு சொல்லிருவோம். ஒனக்கும் பழி இல்ல, கடைக்கும் பழி இல்ல.”

நான் வேண்டாம் என்பதற்குள் அவன் கடைக்குள் போய்விட்டான். என் வயிறு சொல்வதைக் கேட்க மறுபடி வந்திருந்த பெரியவர்கள் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அண்ணனும் கூட இருந்தான். நல்ல கூட்டம். அவன் கைகட்டிக்கொண்டு சொல்வது கேட்டது. பாவம் பெலவீனம், ஆடியில் தானாகக் கலைந்துவிட்டது, பயத்தில் மறைத்திருக்கிறாள், நான் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன். பெரியவர்கள் நல்லது நல்லது என்றார்கள். சத்தியம் வேண்டியதில்லை என்று தீர்ந்தது. கதவிடுக்கில் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவனும் தலையாட்டினான். அவனுக்கும் அது போதுமாக இருந்தது. எல்லாருக்கும் போதுமாக இருந்தது. வயிற்றுக்குச் சொந்தக்காரிக்கு மட்டும்தான் போதவில்லை.

நான் கதவை உதைத்துக்கொண்டு போனேன். சேலை ஒழுங்காக இல்லை. வயிறு முன்னால் நின்றது. ரத்தக்கோடு எல்லார் கண்ணிலும் பட்டது.

“கலையல. எதுவும் கலையல. எம் வகுத்துல புள்ளையே இல்ல. இந்தா பாருங்க, நேத்து இல்லாத வகுறு இன்னைக்கி. இதுவும் புள்ளையா? இது இந்தக் கடைப் பரோட்டா!”

அவன் கொத்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு என்மேல் பாய்ந்தான். கொல்கிற பாய்ச்சல்தான் அது, எனக்குச் சந்தேகமில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரும்பு சதையில் விழுகிற சத்தம் கேட்டது. எனக்கு வலிக்கவில்லை.

கண்ணைத் திறந்தால் மாமியார் எனக்கு முன்னால் நின்றிருந்தார். அடி அவர் வாயில் விழுந்திருந்தது. உதடு கிழிந்து முந்தானை முழுக்க ரத்தம். அவன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, “ஆத்தா, ஆத்தா” என்று உளறினான். அவர் மகன் பக்கம் திரும்பவே இல்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பெரியவர்களைப் பார்த்தார், இலையில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

“நார் கட்டுனது நானு. அறுத்ததும் நானு. இவ வகுத்துல புள்ள இருந்ததே இல்ல. இருக்குன்னு சொன்னது எம் பொய்க் கை. அம்புட்டும் எங்க வீட்டுப் பரோட்டா.”

பெஞ்சுகள் நகர்ந்தன. ஒவ்வொருவராக எழுந்து கைகூடக் கழுவாமல் போனார்கள். அவர் அதையும் நின்று பார்த்தார். பிறகு என் அண்ணனிடம் சொன்னார்.

“ஒந்தங்கச்சியக் கூட்டிட்டுப் போய்யா. இவ மேல குத்தமில்ல. இங்க இருந்தா எம் மகன் இவளக் கொன்னுருவான்.”

அண்ணன் என்னைக் கைப்பிடித்து அழைத்தபோது நான் குனிந்து அவர் காலைத் தொட்டேன். அவர் என்னைத் தூக்கிவிடவும் இல்லை, ஆசீர்வாதம் செய்யவும் இல்லை. கிழிந்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார்.